முதல் உருண்டை

அப்பா சோற்றை உருட்டிப் பானுவின் பக்கம் நீட்டினார்.

"இந்தாத்தா, வாங்கிக்க."

அண்ணன் செத்த பிறகு வந்த பழக்கம். முதல் உருண்டையை மகள் தின்றால்தான் அப்பா ஒச்சப்பனுக்குச் சோறு இறங்கும்.

அண்ணன் செத்தது கிணறு வெட்டும் வேலையில். கிரேனை ஓட்டியது அப்பா. தூக்குச்சட்டியோடு போயிருந்த பானு கரையில் நின்றாள். ஆளை ஏற்றி இறக்கும் தொட்டி பாதிக் கிணறு ஏறியபோது கிரேனின் கம்பிவடம் அறுந்தது. தொட்டிக்குள் அண்ணன் செழியன் இருந்தான்.

அன்றிலிருந்து அப்பாவுக்குச் சரக்கு. ஏற்கெனவே இருந்த சர்க்கரை அதில் முற்றி, இடது காலில் இரண்டு விரலை எடுத்தாயிற்று.

பானுவுக்குக் காதில் ஒரு சத்தம். படிக்கும்போதும், பல் விளக்கும்போதும், வடம் விர்ரென்று ஓடும். யாரிடமும் அவள் சொன்னதில்லை.

சர்க்கரைக்குப் பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்கென்று அப்பாவின் எச்சிலையும் அவளுடையதையும் குழாயில் வாங்கினார்கள். பெரிய அதிர்ச்சி ஒருத்தரை விடாமல் பிடித்துக்கொள்வதற்கும், அவர் குடியில் விழுவதற்கும், பிறப்பிலேயே ஏதும் தொடர்பு உண்டா என்று பார்க்கிறார்களாம். இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றார் டாக்டரம்மா.

அப்பா முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா சண்டைக்கு வரும்போதெல்லாம், தன்மேல் தப்பில்லை, ரத்தத்தில் கிடக்கிறது என்பார். பிறகு மகளைப் பார்த்துச் சிரிப்பார். உனக்குள்ளும் கிடக்கும்டி, ஒருநாள் எழுந்திருக்கும் பார் என்பார்.

அம்மா நாகஜோதி ரத்தத்தை நம்பவில்லை. குஜிலியம்பாறைச் சந்தையில் ஒரு பொடி வாங்கிவந்தாள். குடிக்கிறவர் சோற்றில் தெரியாமல் கலந்தால் போதும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குடலைப் பிரட்டிக்கொண்டு வாந்தி வரும். குடிக்காதவர்களை ஒன்றும் செய்யாது. அதனால்தான் முதல் உருண்டை பானுவின் வாய்க்குப் போவதை அவள் தடுக்கவில்லை.

பானுவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அப்பாவுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். குடியை விடக் கோயிலில் கயிறு கட்டலாம் என்று கூப்பிட்டதற்கே, கொதிக்கிற கஞ்சியை அம்மாவின் தோளில் கவிழ்த்தவர்.

ஒரு வாரமாக வாந்தியெடுத்த அப்பா, இன்று மதியம் தோற்றுப்போனார். வாங்கிவைத்திருந்த பாட்டிலைத் திறக்காமலே பானுவிடம் கொடுத்து, சாக்கடையில் ஊற்றச் சொன்னார். அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதாள்.

சாயங்காலம் முழுக்கப் பானு பல்வலி என்று கிராம்பை வாயில் அடக்கியிருந்தாள்.

இப்போது உருண்டை அவள் முகத்துக்கு நேராக நிற்கிறது. பல் வலிக்கிறது, வேண்டாம் என்றாள்.

அப்பாவின் கண் தட்டுக்குப் போனது. தட்டிலிருந்து அம்மாவுக்குப் போனது. இதில் என்ன கிடக்கிறது என்று மெதுவாகக் கேட்டார். அம்மா கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள். வாங்கிக்கொள் என்று மகளிடம் கண்ணாலேயே கெஞ்சினாள்.

பானு வாயைத் திறந்தாள்.

அப்பா சாப்பிட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். அம்மா சிரித்தபடி ஊற்றினாள். அவள் தோளில் கஞ்சித் தழும்பு தெரிந்தது.

பானுவுக்குக் காதுமடல்தான் முதலில் சுட்டது. அப்புறம் கழுத்து. நெஞ்சு எகிறி எகிறி அடித்தது.

அம்மாவின் சிரிப்பு நின்றது. எழுந்து வெளியே போனாள். சாக்கடை ஓரம் குந்தி, விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். சரக்கு வாடையே இல்லை. திரும்பிவந்து, அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து பொட்டலத்தை எடுத்தாள். அப்பா பார்க்கிறார் என்ற நினைப்பே இல்லாமல், மிச்சம் இருந்த பொடி முழுவதையும் மகளின் தட்டில் தட்டினாள்.

"தின்னுடி."

அப்பா பொட்டலத்தைப் பார்த்தார். ஒரு வாரத்து வாந்தி அவருக்குப் புரிந்தது. மகளின் முகத்தைப் பார்த்தார். அதுவும் புரிந்தது. கை ஓங்கவில்லை. சிரித்தார்.

"நாந்தேன் சொன்னேன்ல."

தனக்குள்ளும் கிடக்கிறதா என்று பார்க்கத்தான் பானு அந்தப் பாட்டிலைக் குடித்தாள். ஒரு வாயோடு நிறுத்திவிடத்தான் இருந்தாள்.

அந்த முதல் வாயிலேயே வடத்தின் சத்தம் நின்றுபோனது.