வயா வத்தலக்குண்டு

கொடைக்கானல் குளிரிலும், தொளதொளத்த இரவல் கோட்டுக்குள் ஒலியுல்லாவுக்கு வியர்த்து ஊற்றியது. எதிரே காய்கறி மண்டி முதலாளி சாகுல் ஹமீது.

"இங்கிலீசுக் கடுதாசியில ‘வயா’ எங்க போடணும் தம்பி?"

"போற வழிக்குங்க. வயா வத்தலக்குண்டுன்னு எழுதலாம். வயா லாரின்னு எழுதினா தப்புங்க."

"‘பெர்’?"

"பூண்டு மூட்டை ஒண்ணுக்கு இம்புட்டுன்னு விலை சொல்றதுக்குங்க."

"சரி, ‘வெர்சஸ்’?"

ஒலியுல்லா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். "கோர்ட்டு வழக்குக்குங்க. இந்த வீட்டுக்குள்ள அது வரவே வராது."

திரைக்குப் பின்னால் வளையலும் சிரிப்பும் சேர்ந்து குலுங்கின.

சாகுல் ஹமீது திரும்பினார். "ஷம்ஷாத்து, மண்டிக் கடுதாசியெல்லாம் எழுதுறவ நீ. கேக்கச் சொன்னதெல்லாம் கேட்டுட்டேன். மாப்பிள்ளை தேறிட்டாரா?"

"தேறிட்டாரு அத்தா! நிக்காஹுக்கு மட்டும் அந்த இரவல் கோட்டு வேணாம்னு சொல்லுங்க."