அதே நிறத்தில் ஒரு மாத்திரை

பல் மருத்துவரின் விளக்கு, பேருந்து ஓட்டுநரின் திறந்த வாய்க்குள் வெள்ளையாக இறங்குகிறது. சுவரோரம் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு அவருடைய தாடையும், நாற்காலியைத் தாண்டி நீண்டிருக்கும் காலுறைகளும்தான் தெரிகின்றன. எச்சில் உறிஞ்சும் குழாய் கரகரக்கிறது. மரத்துப்போகச் செய்யும் ஊசியை நிரப்பிக்கொண்டே மருத்துவர் கேட்கிறார்: "இதயத்துல ஸ்டென்ட் வச்சதுலேர்ந்து ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறீங்கல்ல?" "தினமும். இவ கையாலதான்," என்கிறார் ஓட்டுநர். மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறக்கிறாள், மூடுகிறாள். "கொஞ்ச நாளா குடுக்கல டாக்டர். பல்லு புடுங்கினா ரத்தம் நிக்காதுன்னு பயம். அதே நிறத்துல சத்து மாத்திரை குடுத்தேன்." "அடிப்பாவி! அதான் எனக்கு அகோரப் பசியா?" என்று ஓட்டுநர் சிரிக்கிறார். மருத்துவர் சிரிக்கவில்லை. ஊசியைத் தட்டில் வைக்கிறார். உலோகம் மெல்ல ஒலிக்கிறது. "பல்லுல வர்ற ரத்தத்த பஞ்சு வச்சு அழுத்தி நிறுத்திடுவேன்மா. ஸ்டென்ட்டுக்குள்ள உறைஞ்சா என் கையில ஒண்ணுமில்ல." ஜன்னல் பக்கம் திரும்பி, மருத்துவர் தணிந்த குரலில் இதய மருத்துவரோடு போனில் பேசுகிறார். கண்ணாடிக்கு வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்தபடி போகிறார்கள். "பழைய மாத்திரைய இப்பவே போடச் சொல்றார். போட்டுட்டு நேரா அங்க போங்க. பல்லு காத்திருக்கும்." வாய் கொப்பளிக்கும் காகிதக் கோப்பையில் தண்ணீர் நிறைகிறது. மனைவி பையிலிருந்து எடுத்துக் கொடுத்த மாத்திரையை ஓட்டுநர் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார். "இதாவது ஒரிஜினலா?" அவள் கோப்பையை நீட்டுகிறாள். அவர் விழுங்குகிறார். அவருடைய தொண்டை ஏறி இறங்கும்போது, அவளுடைய தொண்டையும் கூடவே ஏறி இறங்குகிறது.