ஆயுள் பதவி

“சாப்பிட்டதும் ஆம்ப்ரோஸ் ரூமுக்குப் போங்க, லெனோரா. இனிமேலும் இதைத் தள்ளிப்போட முடியாது.”

“பாவம் ஆம்ப்ரோஸ், அவன் நொறுங்கிப் போயிடுவான், கில்க்ரிஸ்ட்.”

“தெரியும். ராத்திரியெல்லாம் தூங்கலைன்னார்.”

காலையில் தலைமை நீதிபதி கில்க்ரிஸ்ட்டோடு நடந்த இந்தப் பேச்சு, நீதிபதி லெனோரா ப்ரூயட்டின் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அவருக்கு இருபத்தாறு வருடம். ஜனாதிபதி நியமித்துவிட்டால், உயிர் உள்ளவரை பதவிதான். எவ்வளவு தள்ளாமை வந்தாலும் யாரும் சுலபமாக வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. தாமாக விலகும்படி கேட்கத்தான் முடியும். அப்படிக் கேட்கத்தான் யாருக்கும் வாய் வராது.

அதுவும் சக நீதிபதி ஆம்ப்ரோஸ் டில்லார்டிடம்! லெனோராவின் கணவர் இறந்தபோது சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர். நன்றித் திருநாள் வந்தால் இவர் வீட்டு வான்கோழிதான் அவருக்கும்.

ஆனால் சில நாட்களாக அவர் போக்கே சரியில்லை. சொன்னதையே சொல்கிறார், கேட்டதையே கேட்கிறார். மற்ற வழக்கென்றால் போகட்டும். டேரன் பிக்ஸ் என்ற கைதிக்கு நாளை மாலை விஷ ஊசி. அதை நிறுத்திவைக்கக் கோரும் மனு லெனோரா, ஆம்ப்ரோஸ், ஸோரென்சன் மூவரின் அமர்விடம்தான் இருந்தது.

வழக்கப்படி இளையவர் முதலில் சொல்ல வேண்டும், மூத்தவர் கடைசியில். நேற்று, புது நீதிபதி ஸோரென்சன் ‘தள்ளுபடி’ என்றார். ஆம்ப்ரோஸ் ‘நிறுத்தலாம்’ என்றார். லெனோராவின் சொல்தான் முடிவு. தானும் ‘நிறுத்தலாம்’ என்றது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. இன்று காலை ஆம்ப்ரோஸ் வந்து, ஒன்றுமே நடக்காதது போல, “உங்க முடிவு என்ன, லெனோரா?” என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்!

யோசித்துக்கொண்டே நடந்தவரின் தோளை, உதவிக்கு இருக்கும் சட்டக்கல்லூரிப் பெண் மெல்லத் தொட்டாள். “இந்தப் பக்கம், ஜட்ஜ்.”

“பெயின்ட் அடிச்சாலும் அடிச்சாங்க, எல்லாக் கதவும் ஒண்ணாட்டம் இருக்கு!” என்று சிரித்தார் லெனோரா. அந்தப் பெண்ணும் சிரித்து வைத்தாள்.

அறையில் ஆம்ப்ரோஸ் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மேஜையில் கேக் வெட்டியது வெட்டியபடி கிடந்தது.

“என்னப்பா, கேக்கைத் தொடவே இல்ல? சர்க்கரை வியாதின்னு இப்பதான் ஞாபகம் வந்துச்சா?”

ஆம்ப்ரோஸ் சிரிக்கவில்லை. “உட்காருங்க.”

லெனோரா உட்கார்ந்தார். எங்கே தொடங்குவது? “சரி, இதைச் சொல்லு. பிக்ஸ் விஷயத்துல நேத்து நான் என்ன சொன்னேன்?”

“தள்ளுபடின்னீங்க.”

“நிறுத்தலாம்னுதானேப்பா சொன்னேன்?”

“அது இன்னைக்குக் காலையில.”

ஒரு மனிதனின் உயிர் விஷயத்தில் இப்படியா குழம்புவது? இனியும் நட்பைப் பார்த்தால் பாவம். லெனோரா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அப்போது கில்க்ரிஸ்ட் உள்ளே வந்தார். பின்னாலேயே ஸோரென்சனும் வந்து கதவைச் சாத்தினார். நல்லவேளை, துணைக்கு வந்துவிட்டார்கள்.

“ஆம்ப்ரோஸ், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். என்னைத் தப்பா நினைக்காதே...”

“நான் முதல்ல கேட்டுடறேன்.” ஆம்ப்ரோஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “ரெண்டு வருஷமா தொண்டையிலேயே நிக்குது. நாளைக்கு ஒருத்தன் சாகறதா பிழைக்கறதான்னு இருக்கு. இனிமே என்னால முழுங்க முடியாது.”

கில்க்ரிஸ்ட் தலையசைத்தார். ஸோரென்சன் தரையைப் பார்த்தார்.

“நீங்க விலகிடுங்க, லெனோரா.”