தொண்ணூற்றொன்றே போதும்

“தொண்ணூத்தொண்ணே போதும், அதையே போடுப்பா,” என்றாள் அம்மா, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி.

பெட்ரோல் பங்க்காரர் குழாயைப் பிடித்தபடி மகளைப் பார்த்தார். வண்டியை ஓட்டி வந்தவள் அவள்தான். வெளிநாட்டிலிருந்து வெகுநாள் கழித்து வருகிறாள். அழைத்துப்போக வந்த அம்மாவிடம் சாவியைப் பிடுங்கியிருந்தாள்.

“மூடியிலயே ஒட்டியிருக்கு பாரும்மா, ஆக்டேன் தொண்ணூத்தஞ்சுன்னு. அதைவிடக் கம்மி ரகப் பெட்ரோல் போட்டா மேடு ஏறும்போது இன்ஜின் கடகடன்னு அடிச்சுக்கும். சீக்கிரமே கெட்டுப்போயிடும்.”

“உங்கப்பா என்னைக்குடி தொண்ணூத்தஞ்சு போட்டாரு?”

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிக்கனத்தில் கெட்டி. அவர் ஓட்டிய காலத்தில், வீட்டுக்கு முன்னால் உள்ள மேட்டில் ஏறும்போதெல்லாம் தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கியதுபோல் இந்தக் கார் அலறும். பின்சீட்டில் அவளும் தம்பியும், காருக்கு ஒத்தாசையாக, மூச்சைப் பிடித்து முன்னால் சாய்வார்கள்.

“வீட்ல இருந்தோம்னா, அந்தச் சத்தம் கேட்டதும் டிவியை அணைச்சுட்டு புத்தகத்தோட உக்காந்துடுவோம். ஞாபகம் இருக்காம்மா?”

“இல்லாம என்ன? டிவி சூடா கெடக்கும். அவரு தொட்டுப் பாத்துட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி உள்ள போயிடுவாரு.”

“அதுக்காகப் பழசையே பிடிச்சுக்கிட்டு இருப்பியா?”

“சொன்னாக் கேளுடி,” என்றுவிட்டு, பக்கத்துக் கடையில் ரொட்டி வாங்க இறங்கிப்போனாள் அம்மா.

மகள் பங்க்காரரிடம் குரலைத் தாழ்த்தினாள். “டேங்க் காலியாத்தான் இருக்கு. தொண்ணூத்தஞ்சே ரொப்பிடுங்க.”

வழியெல்லாம் பழைய கதைதான். கார் பாதியில் நின்ற பயணங்கள், அப்பா கோபித்துக்கொண்டு நடந்தே போனது என்று அம்மா சொல்லச் சொல்ல, மகளுக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு.

மேடு வந்தது. கார் முனகாமல், வழுக்கிக்கொண்டு ஏறியது.

“பாத்தியா? மூச்சு விடல.”

அம்மாவின் சிரிப்பு சட்டென்று நின்றது. “என்னத்தடி போட்ட?”

கார் நின்றதும் அம்மா இறங்கி, முடியை ஒதுக்கிக்கொண்டு வேகமாக வீட்டை நோக்கி நடந்தாள். பையைக் கூட எடுக்காமல் மகள் பின்னால் ஓடினாள்.

வாசலில் நாற்காலி போட்டு, நர்ஸின் துணையோடு அப்பா உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் கையைப் பிடித்தாள். அவர் கூச்சத்தோடு கையை விடுவித்துக்கொண்டார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க, யாருன்னு தெரியல. என் சம்சாரம் வெளிய போயிருக்கா. மேட்டுல கார் சத்தம் கேக்கட்டும், அவ வந்துடுவா.”