கோட்டும் சீட்டும்

"ஒரு மனுசனை எடைபோட ஆண்டவன் குடுத்த ஒரே தராசு, அவன் படிச்ச காலேஜ்!" என்று முழங்கிய பார்மசி கல்லூரி முதல்வர் பூவனநாதன், அதே வேகத்தில் கோட்டுக் கையை டீ டம்ளருக்குள் விட்டுக்கொண்டார்.

கோவில்பட்டி வெயிலில் கோட்டு போடும் ஒரே மனிதர் அவர்தான். எம்.பார்ம் அட்மிஷன் நாளில் போடாமல் இருப்பாரா?

எதிரே புதியம்புத்தூர் இவாஞ்சலின். மிச்சமிருந்தது ஒரே ஒரு சீட்டு. தினம் போய்வர முடியாத ஊருக்கெல்லாம் அனுப்ப மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டதால், இதை விட்டால் அவளுக்கு மேல்படிப்பே கிடையாது.

"மார்க்கு நல்லாருக்கு. கேட்டதுக்கெல்லாம் டக்குடக்குன்னு பதில் சொல்லுதா சார்" என்றார் குழுவில் இருந்த பேராசிரியை ஜெயஷீலா.

"பி.பார்ம் எங்கன படிச்சிருக்கா, பாத்தீங்களா? எட்டயபுரம் ரோட்டுல, பருத்திக் காட்டுக்கு நடுவுல! பஸ்ஸுகூட நிக்காத காலேஜ்!"

"நிக்கும் சார். கையைக் காட்டணும்" என்றாள் இவாஞ்சலின்.

ஜெயஷீலா சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

"மருந்து பாட்டில்ல மொதல்ல எதைப் பாக்கோம்? லேபிளை! ஆளுக்கும் அதேதான்." பூவனநாதன் கோட்டின் உள்பக்கத்தை விரித்துக் காட்டினார். "மருமகன் லண்டன்லருந்து கொண்டாந்தது. கிங்ஸ்டன்! கீழ பி.பி.ஆர்.னு இருக்கு பாருங்க, அது அரமனை முத்திரை. இந்தப் பேரைப் பாத்தப்புறம் துணியைத் தொட்டு வேற பாக்கணுமாக்கும்?"

இவாஞ்சலின் எட்டிப் பார்த்தாள். வாயைப் பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை.

"ஏம்மா, என்ன சிரிப்பு?"

"கிங்ஸ்டன் எங்க அண்ணன் சார். அவன் பேருலதான் அப்பா ரெடிமேட் யூனிட் நடத்துதாவ. பி.பி.ஆர்.ன்னா புதியம்புத்தூர்."

பூவனநாதன் குனிந்து லேபிளை மறுபடி படித்தார்.

"உள்பாக்கெட்டு தையல் கோணலா இருக்கும். லீவுல நான் தச்சது. மன்னிச்சிருங்க சார்."

பூவனநாதன் உள்ளே விரலை விட்டுத் தடவினார். கோணல்தான்.

"சார், கோட்டைக் கழத்துதீங்களா, இல்ல சீட்டைக் குடுக்குதீங்களா?" என்றார் ஜெயஷீலா.

சீட்டைக் கொடுத்துவிட்டார். அண்ணனுக்குப் போன் போட்டுக்கொண்டே இவாஞ்சலின் படியில் துள்ளி இறங்கினாள்.

வேர்த்து ஊற்றியும் முதல்வர் அன்று சாயங்காலம்வரை கோட்டைக் கழற்றவில்லை. உள்ளே போட்டிருந்த சட்டையின் பாக்கெட் மேலேயும் கிங்ஸ்டன் என்றுதான் போட்டிருந்தது.