இரண்டாவது அட்டை

காலில் ரத்தக்கட்டி கரைந்துவிட்டது, இனி மருந்து வேண்டாம் என்று டாக்டர் மலையாளத்தில் சொன்னதும் திவ்யலட்சுமிக்கு ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது.

ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு கால்களும் ஒரே அளவில் இருந்தன. குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்துநாலு வயதில் யார் இதை நினைப்பார்கள்? இடது கெண்டைக்கால் வீங்கியபோது, ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதால் என்று விட்டுவிட்டாள். மூன்றாம் நாள் நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது.

அன்று காஷுவாலிட்டியில் இதே டாக்டர்தான் கேட்டார், ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா என்று.

சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். தம்பி கௌசிக்கின் பூணூல் அன்று விலக்காகிவிடக் கூடாதே என்று, நாளைத் தள்ளிப்போட அம்மா கொடுத்த மாத்திரை.

ஆனால் பக்கத்தில் அப்பா நின்றார். வீட்டில் அந்தப் பேச்சு எழுந்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு வலியசாலைக் கோயிலுக்குக் கிளம்பிவிடுகிற சேஷன். அவர் எதிரில் எப்படிச் சொல்வது? மூச்சே போய்க்கொண்டிருந்தது, வெட்கம் மட்டும் போகவில்லை.

இல்லை என்று தலையாட்டினாள்.

ஆனாலும் டாக்டர் உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். அம்மா போனில் சொல்லியிருப்பாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

இப்போது டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று அப்பா அவரைத் தனியே கூப்பிட்டு, சட்டைப்பையிலிருந்து பிரிக்காத மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தாராம். அதனால்தான் பிழைத்தாய், இனி அந்த மாத்திரையைத் தொடாதே என்றார்.

திவ்யா திரும்பி, பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்தாள். அம்மா கொடுத்த அட்டை பாதி தீர்ந்து அவளுடைய கைப்பையில்தானே இருந்தது?

அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு போறாதோன்னு ரெண்டா வாங்கினேன்டி."

வெளியே வந்ததும் அவர் போன் அடித்தது. நின்றுபோன பூணூலுக்கு சாஸ்திரிகள் இரண்டு தேதி வைத்திருந்தார்.

அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டார். காது மடல் சிவந்திருந்தது.

"ஒம்பதா, இருபத்துமூணா? ஒனக்கு எது சௌகரியம்?"

ஒன்பதாம் தேதி விலக்காக இருக்கும் என்று, வாழ்க்கையில் முதல்முறையாக, அப்பாவிடம் சொன்னாள்.

அப்பா எங்கும் கிளம்பவில்லை. ஒன்பதாம் தேதி வேண்டவே வேண்டாம் என்று அங்கேயே நின்று சாஸ்திரிகளிடம் சொன்னார்.