ஓடாத ரயிலின் இன்னொரு பயணி

எல்வுட் எண் அட்டையைத் தூக்கினார். ஏலக்காரர் தன் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, வராத ஆள் அதற்கும் மேலே போகிறார் என்றார்.

ஏலம் நடந்த தீயணைப்பு நிலையக் கூடமே மூச்சை நிறுத்தியது. அதாவது, எல்வுட் நிறுத்தினார். மற்றவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஏலத்தில் இருந்தது பைன் ஹாலோ – நார்தர்ன் ரயில் கம்பெனியின் பங்குப் பத்திரம். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கும் முந்தையது.

ஊர் ஊராகப் பங்கு விற்று, ஒரு முழம்கூடத் தண்டவாளம் போடாமல் கண்ணை மூடிய கம்பெனி. பத்திரத்தின் தலையில் அச்சிட்ட படத்தில் மட்டும் அதன் இன்ஜின், பென்சில்வேனியா முழுவதற்கும் போதுமான புகையைக் கக்கிக்கொண்டு இன்றும் ஓடுகிறது.

அந்தக் கம்பெனியின் பத்திரங்களைத் தேடிச் சேர்க்கிற ஆள் பூமியில் எல்வுட் ஒருவர்தான். சந்திரனில் யாராவது இருந்தால் தெரியாது.

காலையில் கிளம்பும்போதுகூட அவர் மனைவி வெர்னா சொன்னாள்: "ஓடாத ரயிலுக்கு உங்கள மாதிரி இன்னொரு கிறுக்கு எங்கயாவது இருந்தா கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேருக்கும் சேத்தே உருளைக்கிழங்கு வேகவைக்கிறேன்."

முப்பது வருடமாக இதையே சொல்கிறாள். முப்பது வருடமாக எல்வுட்டும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். பத்திரத்தை மட்டுமல்ல.

இதோ, ஒருவன். நேரில் வர முடியாமல், எவ்வளவு வரை போகலாம் என்று முன்கூட்டியே எழுதி அனுப்பியிருக்கிறான்.

எல்வுட் மறுபடி அட்டையைத் தூக்கினார். அவனும் விடவில்லை.

பிப்ரவரியில் ஏலப் பட்டியல் தபாலில் வந்தபோது எல்வுட் காய்ச்சலில் கிடந்தார். நெற்றியில் முட்டை பொரித்திருக்கலாம், அப்படிக் கொதித்தது. பட்டியலில் இருந்த இன்ஜின் போர்வை மடிப்புகளில் ஏறி இறங்கி, முழங்கால் மலையைச் சுற்றிக்கொண்டு போனது. அந்த வாரத்தில் வேறெதுவும் அவருக்கு நினைவில்லை.

இப்போது அதே ரயில் கூடத்துக்குள் வந்தது. நாற்காலிகளுக்கு நடுவே, ஓசையில்லாமல்.

எல்வுட் ஏறிக்கொண்டார்.

எதிர் இருக்கையில் அவன். மடியில் தொப்பி, முகம் தெரியாதபடி புகை.

விலை ஏற ஏற ரயில் போய்க்கொண்டே இருந்தது. தண்டவாளமே பார்த்திராத பள்ளத்தாக்கு, மக்காச்சோளக் கொல்லை, வெர்னாவின் துணிக்கொடி. ஈரப் போர்வைகள் ஜன்னலில் உரசிக்கொண்டு போயின.

எல்வுட் சிரித்தபோது அவனும் சிரித்தான். கட்டப்படாத முதல் ஸ்டேஷனின் பெயரை எல்வுட் சொல்ல வாயெடுப்பதற்குள் அவனே சொல்லிவிட்டான்.

இப்படிப்பட்டவனிடமிருந்தா பிடுங்குவது?

பையில் பணம் இன்னும் இருந்தது. எல்வுட் அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

சுத்தியல் விழுந்தது. வராதவன் ஜெயித்தான். தோற்றவர் முகத்திலோ மகளுக்கு வரன் அமைந்த பூரிப்பு.

ஊர்ப் பெண்கள் விற்கிற வெல்லப்பாகுக் கேக்கில் இரண்டு துண்டு வாங்கினார். ஒரு துண்டு தின்றால் பல் வைத்தியர் வீட்டுக்கு இன்னொரு மாடி கட்டிவிடலாம். ஒன்று தனக்கு. இன்னொன்றைப் பொட்டலம் கட்டச் சொன்னார்.

பிறகு ரசீது போடுகிற அம்மாளிடம் போய், ஜெயித்தவர் யார், எந்த ஊர் என்று கேட்டார். எவ்வளவு தூரமானாலும் இன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கப்போவதாகச் சொன்னார். கேக்கைக்கூடக் காட்டினார்.

அவள் தாளைப் பார்த்தாள். எல்வுட்டின் அட்டைக்குப் பின்னால் எழுதியிருந்த பெயரைப் பார்த்தாள். பத்திரத்தை எடுத்து அவர் முன்னாலேயே வைத்தாள்.

"காய்ச்சலா கிடக்கேன், வர முடியாதுன்னு எழுதியிருந்தீங்களே சார். இப்பத் தேவலையா?"

எல்வுட் ஒரு மூலையில் போய் உட்கார்ந்தார். பத்திரத்தில் இன்ஜின் புகைந்துகொண்டிருந்தது.

தன் துண்டைத் தின்றார். எதிரே காலியாக இருந்த நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொட்டலத்தைப் பிரித்தார்.

வெர்னாவிடம் சொல்லவேண்டும்: ஆள் கிடைத்துவிட்டான். உருளைக்கிழங்கு மட்டும் எப்போதும் போடுகிற அளவே போதும்.